சிலந்திக்கும் சிறை உண்டோ?

மனிதன் தன் இல்லத்தில் பிற உயிர்களை வளர்த்து வருவதற்குக் காரணங்கள் மூன்று கூறலாம். பயன் கருதி வளர்ப்பது ஒன்று. பசுவும் எருதும் கோழியும் அவ்வகையின. அன்பு கருதி வளர்ப்பது மற்றொன்று; நாயும் பூனையும் அவ்வகையின. அழகு கருதி வளர்ப்பது மூன்றாவது. கூண்டுக்கிளியும் தொட்டிமீனும் அவ்வகையின. இம்மூன்றினுள்ளும் எளிதில் அடங்காத வளர்ப்பு ஒன்று இந்நாளில் காணப்படுகின்றது. 'டாரண்டுலா' என்று உலகோர் வழங்கும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கு இரையிட்டு, அதன் வாழ்க்கையை நாள்தோறும் நோக்கியிருத்தலே அது.

இது மேலைநாட்டார்தம் விநோதப் பொழுதுபோக்கு, நமக்கு இதில் என்ன என்று அன்பர்கள் எண்ணலாம். 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் போலந்து நாட்டிலிருந்து வந்த அஞ்சற் பொதி ஒன்றைப் பிரித்தனர். உள்ளே 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய உயிருள்ள சிலந்தி ஒன்று. அப்பொதி தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கே அனுப்பப்பட்டிருந்தது. ஆகவே இது அயலார் வீட்டுச் செய்தி அன்று. நம் பிள்ளைகள் நாளை நம்மிடம் வந்து, "அப்பா, ஒரு சிலந்தி வளர்க்கட்டுமா?" என்று கேட்கும் நாள் தொலைவில் இல்லை. அன்று நாம் முகம் சுளித்து மறுப்பது விடையாகாது. ஆராயாமல் இசைவதும் விடையாகாது. அறம் எது என்று முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று.

முதற்கண் இவ்வுயிர் எத்தகையது என அறிவோம். டாரண்டுலா என்னும் பெயரே ஒரு பிழையில் பிறந்தது. இத்தாலியின் தென்பகுதியில் உள்ள தாரந்தோ என்னும் நகரின் சுற்றுப்புறத்தில் வாழ்ந்த வேறொரு சிலந்திக்கு இட்ட பெயர் அது. அச்சிலந்தி கடித்தால் மனிதன் பித்துற்று ஆடுவான், ஆடி ஓய்ந்தாலன்றி நஞ்சு இறங்காது என்று அந்நாட்டார் நெடுங்காலம் நம்பினர். அவ்வாட்டத்திற்கும் அவ்வூரின் பெயரே நிலைத்தது. பின்னர் வெப்ப நாடுகளின் பெருஞ்சிலந்திகளைக் கண்ட ஐரோப்பியர் அப்பெயரை இவற்றுக்குச் சூட்டினர். அப்பெயரோடு பழைய அச்சமும் உடன் வந்தது. உண்மையில் இவை மனிதனைத் தேடிவந்து கடிப்பன அல்ல. நம் நாட்டு மரங்களில் வாழும் இனங்கள் கடித்தால் கடும் வலியும் சில நாட்கள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் உண்டாகும் என்பது மெய்யே. ஆயினும் இவற்றின் நஞ்சால் மனிதர் மாண்டதாக உறுதியான சான்று இல்லை.

எட்டுக் கண்கள் இருந்தும் இதன் பார்வை மங்கலானது. தரையிலும் காற்றிலும் எழும் அதிர்வுகளைக் கால் மயிர்களால் உணர்ந்தே உலகை அறிகின்றது. இதன் குருதி செந்நிறமுடையதன்று. செம்பு கலந்தமையால் நீலம் பாய்ந்தது. காலை மடக்கத் தசை உண்டு. நீட்டுவதற்கோ உடலின் நீர்மத்தை அழுத்திச் செலுத்துகின்றது. வளர வேண்டுமாயின் பழைய தோலை முழுவதும் களைந்தாக வேண்டும். தோலுரிக்கும் காலம் நெருங்குகையில் உணவை மறுக்கின்றது. பின்னர் மல்லாந்து படுத்து, பல மணி நேரம் முயன்று, கையுறையினின்று விரல்களை உருவுவதுபோல் எட்டுக் கால்களையும் உருவிக்கொண்டு வெளிவருகின்றது. முன்னம் இழந்த கால் ஒன்று இருப்பின் அது சிறிதாய் முளைத்திருக்கும். அடுத்தடுத்த உரிப்புகளில் முழுமை பெறும். பெண் சிலந்தி இனத்திற்கேற்ப இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆணோ பருவம் எய்திய பின் நெடுநாள் வாழ்வதில்லை.

இவற்றையெல்லாம் வளர்ப்போர் பெட்டியின் அருகிலிருந்து காண்கின்றனர். அடியில் தேங்காய் நார்த்தூளைப் பரப்புகின்றனர். ஒளிந்துகொள்ள மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வைக்கின்றனர். சிறு கிண்ணத்தில் நீர் வைக்கின்றனர். உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்து இறக்கும் என்பதால் பெட்டியின் உயரத்தையும் இனமறிந்து அளவிடுகின்றனர். இரையிட்ட நாள், மறுத்த நாள், தோலுரித்த நாள் என்று குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். கண்டதும் துடைப்பத்தை எடுக்கும் உலகில், இவ்வுயிரின் முன் பொறுமையோடு அமர்ந்து, அச்சத்தை வியப்பாக மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். இவர்களைப் பழித்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. பிரான்சு நாட்டுப் பேரறிஞர் ஃபாபர் சிலந்திகளை மண்தட்டுகளில் கம்பிவலை மூடி வளர்த்துப் பார்த்தவரே. அவர் நோக்கியெழுதிய நூல்களால் உலகம் பூச்சிகளையும் சிலந்திகளையும் புதிய கண்கொண்டு பார்த்தது. நோக்குதல் அறிவுக்கு வித்து; அறிவு அருளுக்கு வித்து. ஆகவே சிலந்தி வளர்ப்பின் சார்பில் சொல்லத்தக்க வாதம் வலிமையற்றதன்று.

அவ்வாதத்தின் உச்சியாக வளர்ப்போர் கூறுவது ஒன்றுண்டு. கிளிக்குச் சிறகு உண்டு. அதைக் கூண்டில் இடுவது கொடுமை. சிலந்தியோ காட்டிலும் தன் பொந்தை விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. பொந்தின் வாயிலில் அமர்ந்து, இரை வரும்வரை காத்திருப்பதே அதன் வாழ்க்கை. பல திங்கள் உணவின்றியும் இருக்கும். அதற்குப் பெட்டியே பொந்து. இதில் சிறை எங்கே என்பது அவர்கள் வினா.

இவ்வினா நம்மைச் சற்றே நிறுத்துகின்றது. எனினும் நம் வாழ்க்கையையே உரைகல்லாகக் கொண்டு பார்ப்போம். நம்மில் பலர் அரசுக் குடியிருப்புகளில் இரண்டு அறைக்குள் ஆண்டுகள் பலவற்றைக் கழிப்பவர்கள். விடுமுறை நாளில் வாயிற்படி தாண்டாமல் கிடப்பதும் உண்டு. அதனை எவரும் சிறை என்பதில்லை. தாழ்ப்பாள் உட்புறம் இருப்பதால். அதே அறையை வெளியிலிருந்து பிறர் பூட்டினால், நாம் வெளியே செல்ல எண்ணாத நாளிலும் அது சிறையே. இடத்தின் அளவு அன்று, கதவு யார் கையில் உள்ளது என்பதே வேறுபாடு.

அன்றியும், சிலந்தி ஒருபோதும் புறப்படுவதில்லை என்பது முழு உண்மை அன்று. பருவமெய்திய ஆண் சிலந்தி ஒருநாள் தன் பொந்தைத் துறந்து துணை தேடி நடக்கத் தொடங்குகின்றது. அதுகாறும் காத்திருந்ததெல்லாம் இந்நடைக்காகவே என்னும்படி, எஞ்சிய வாழ்நாளை அத்தேடலிலேயே செலவிடுகின்றது. பெட்டிக்குள் அந்நடை கண்ணாடிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வருவதாக முடிகின்றது. ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த உயிர் என்பதற்காக, அது அசைய வேண்டிய ஒரே காலத்தையும் நாம் கணக்கில் கொள்ளாமல் விடலாமா?

துன்பம் உணரும் ஆற்றல் அதற்கு உண்டா என்னும் கேள்வியும் எழும். அறிவியலார் இதில் இன்னும் ஒருமுடிபு எய்தவில்லை. 2022இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் நண்டு, சிங்க இறால், எண்காலி முதலியவற்றை உணர்வுடைய உயிர்களாக ஏற்றுக்கொண்டது. சிலந்தி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நண்டும் சிலந்தியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தின. எனினும் சட்டத்தின் கோடு அவ்விரண்டிற்கும் இடையே செல்கின்றது. அக்கோடு நாளை நகரலாம். நம் மரபோ உணர்வை நிறுவிக்காட்டிய பின்னரே இரங்குவேன் என்று காத்திருந்ததில்லை. வள்ளுவர் அருளுடைமைக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். வள்ளலார் பயிர் வாடியதற்கும் உளம் வாடினார். ஐயம் உள்ள இடத்தில் உயிரின் பக்கம் சாய்வதே நம் முன்னோர் காட்டிய நெறி.

இனி, இச்சிலந்திகள் எங்கிருந்து வருகின்றன என்று காண்போம். சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் குண்டக்கல்லுக்கு முன்னர் குத்தி என்னும் நிலையம் வருகின்றது. ஆங்கிலேயர் நாவில் அது 'கூட்டி' ஆயிற்று. நம்மவர் எத்தனையோ பேர் அவ்விடத்தைத் தூக்கத்தில் கடந்திருப்போம். அங்கு ரயில்வே மரக்கிடங்கு ஒன்றில் கிடைத்த சிலந்தியை 1899இல் போகாக் என்னும் ஆங்கில விலங்கியலார் புதிய இனமென்று விவரித்தார். ஒளிபட்டால் உடல் நீலமணிபோல் சுடரும் சிலந்தி அது. அந்நீலம் சாயத்தால் வந்ததன்று. மயிரின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் அதனைக் கண்டோர் இலர். 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. குத்திக்கும் அக்காட்டிற்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காட்டில் வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்து இறங்கிய சிலந்தியையே போகாக் பெற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆக, அது பிறந்த ஊரின் பெயரை இழந்து, வந்திறங்கிய நிலையத்தின் பெயரை உலகெங்கும் சுமந்து திரிகின்றது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, குடும்ப அட்டையில் வேற்றூர் முகவரியைச் சுமக்கும் நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும். நாமாவது விரும்பி ரயிலேறினோம்.

இந்நீலச் சிலந்தியின் காட்டு வாழிடம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. முதிர்ந்த மரங்களின் பொந்துகளே அதன் இல்லம். அம்மரங்கள் விறகுக்கும் கட்டைக்கும் வெட்டப்படுகின்றன. 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. நம் இராமேசுவரத்திலும் இக்குடும்பத்துச் சிலந்தி ஒன்று புளிய மரங்களிலும் தென்னைகளிலும் வாழ்கின்றது. 2004இல் விவரிக்கப்பட்ட அவ்வினத்தின் அறிவியற்பெயர், அத்தீவிலுள்ள அனுமன் கோயில் ஒன்றின் பெயரால் அமைந்தது. அதுவும் பேரிடரில் உள்ள இனமே. 2019இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு வணிக ஒப்பந்த மாநாடு இக்குடும்பத்து மரச்சிலந்திகள் அனைத்தையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. நம் நாடும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தி, இவ்வொப்பந்தப் பட்டியல்களில் கண்ட உயிர்களை வைத்திருத்தலையும் கைமாற்றலையும் சட்டத்தின் ஆளுகைக்குள் கொண்டுவந்தது.

இங்கே வளர்ப்போர் தரப்பில் இரண்டாவது வாதம் எழுகின்றது. மேலைநாட்டுப் பெட்டிகளில் இன்று உள்ள நீலச் சிலந்திகளில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை. காடு அழிந்தாலும் இனம் எங்கள் பெட்டியில் பிழைக்கும் என்கின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அவற்றின் முன்னோர் இக்காட்டை விட்டு எவ்வாறு கடல் கடந்தனர் என்பதற்கு எந்தப் பெட்டியின் மீதும் விடை ஒட்டப்பட்டிருப்பதில்லை. மேலும், இனம் பிழைத்தல் என்பது யாது? ஒரு மொழியைப் பேசுவோர் அனைவரும் மறைந்தபின் அதன் அகராதி மட்டும் நூலகத்தில் இருந்தால் அம்மொழி வாழ்கின்றது என்போமா? மரமும் பொந்தும் மழையும் இரையும் பகையும் சேர்ந்ததே சிலந்தியின் வாழ்வு. பெட்டியில் எஞ்சுவது அதன் உடல். அவ்வுடலையேனும் காப்பது நன்றே. ஆனால் அதனைக் காட்டுக்கு ஈடாக வைத்துப் பேசுவது, காட்டை வெட்டுவோனுக்கு மனச்சான்றின் உறுத்தலைக் குறைத்துக் கொடுப்பதாகும்.

மற்றுமொரு கணக்கும் பார்க்க வேண்டியுள்ளது. சிலந்திக்கு இரையாவன உயிருள்ள பூச்சிகள். காட்டில் சிலந்தி பூச்சியைப் பிடிப்பது இயற்கையின் ஏட்டில் எழுதப்படும் வரவுசெலவு. பூச்சிக்கும் தப்பியோட வழியுண்டு. பெட்டிக்குள் அவ்வழி இல்லை. அடைத்ததும் நாமே, இரையை உள்ளே விட்டதும் நாமே. அந்த உயிரிழப்பு நம் ஏட்டில்தான் பதிவாக வேண்டும். ஒரு சிலந்தி இருபது ஆண்டு வாழ்ந்தால், அதன்பொருட்டு நாம் விலைக்கு வாங்கிக் கொடுக்கும் உயிர்கள் பல நூறு. ஒரு கண்ணாடிச் சுவருக்கு உள்ளே அருளும் வெளியே அருளின்மையும் இருப்பது எவ்வகை அறம்?

நம் போன்ற குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் இன்று ஒரு பெண் சிலந்தியை ஏற்றால், அவன் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலை தேடி வேறு மாநிலம் சென்று, மணமும் முடித்த பின்னரும் அது உயிரோடிருக்கும். நமக்கோ மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்பது தெரியாது. உத்தரவு வந்ததும் கட்டில் மேசைகளைக் கட்டியேற்றிக்கொண்டு, வளர்த்த நாயைக் குடியிருப்பின் வாயிலிலேயே விட்டுச்சென்ற குடும்பங்களை நம்மில் பலரும் அறிவோம். அந்நாய் தெருவில் எவரேனும் இட்ட சோற்றை உண்டு பிழைக்கும். அயல்நாட்டுச் சிலந்தியைத் தோட்டத்தில் விட்டால் அது மடியும், அல்லது இம்மண்ணின் உயிர்களுக்கு இடராகும். ஓர் உயிரை ஏற்பது என்பது அதன் ஆயுளையும் ஏற்பது. அவ்வுறுதியை நாம் பிள்ளையிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்ஙனமாயின் சிலந்தியை நோக்கியறியும் இன்பத்தை இழந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெய்ன் என்னும் அறிஞர் 1974இல் ஒரு காட்டுப் பகுதியில், பொந்துக்கு மூடியிட்டு வாழும் சிலந்திகளை ஆராயத் தொடங்கினார். டாரண்டுலாவுக்கு உறவான இனம் அது. அவர் எதனையும் பிடித்துச் செல்லவில்லை. ஒவ்வொரு பொந்தின் அருகிலும் எண்ணிட்ட அடையாளம் ஒன்றை நட்டார். ஆண்டுதோறும் சென்று பார்த்துவந்தார். அவற்றுள் 16ஆம் எண்ணுடைய பெண் சிலந்தி தன் பொந்திலேயே 43 ஆண்டுகள் வாழ்ந்து, 2016இல் மறைந்தது. உலகில் வயது கணக்கிடப்பட்ட சிலந்திகளுள் மூத்தது அதுவே என்று கூறுவர். நெடுங்காலம் வாழ்ந்த அச்சிலந்தியைக் காத்தது பெட்டியன்று. நோக்கியவரின் பொறுமையும் தொடாமையுமே. நம் நாட்டிலும் கல்கத்தாவில் வாழ்ந்த கோபாலசந்திர பட்டாச்சார்யா (1895–1981) தம் ஊர்ப் புறங்களில் எறும்பையும் சிலந்தியையும் கண்டு, தம் தாய்மொழியாம் வங்காளியில் எளிய மக்களுக்கு எழுதிவைத்தார். அறிவுக்கு உடைமை தேவையில்லை என்பதற்கு இவ்விருவரும் சான்று.

நம் இல்லங்களிலேயே இதற்கு இடமுண்டு. வலை பின்னாமல் சுவரில் தாவித்தாவி ஈ பிடிக்கும் சிறு சிலந்தியைக் காணலாம். குளியலறையிலும் பழைய கோப்புகள் குவிந்த அலுவலக அறைகளிலும் தட்டையான பெரிய சிலந்தி ஒன்று வாழ்கின்றது. அது கரப்பான் பூச்சியை உண்பது. வெண்ணிற வட்ட முட்டைப்பையை மார்பின் கீழ் அணைத்துக்கொண்டு திரிவது. அது தாய். அதனைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடாமல், பிள்ளைகளை அழைத்துக் காட்டுவோம். வெளியேற்றியே ஆகவேண்டுமெனில் ஒரு குவளையால் மூடி, அட்டை ஒன்றை அடியில் செருகித் தோட்டத்தில் விடுவோம். குறிப்பேடு வைத்துக்கொள்ளும் ஆர்வம் பிள்ளைக்கு இருந்தால் அதற்கும் தடையில்லை. வலை கட்டிய நாள், இரை விழுந்த நாள், குஞ்சு பொரித்த நாள் என்று எழுதட்டும். அச்சிலந்தி ஒருநாள் சொல்லாமல் சென்றுவிடும். அதுவும் ஏட்டில் எழுதத்தக்க செய்தியே.

திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மீது சருகு விழாதிருக்கச் சிலந்தி ஒன்று வலைப்பந்தல் இட்டது என்பது நம் புராணம். அவ்வலையைத் தூய்மையற்றதெனக் கருதி யானை சிதைத்தது. சிலந்திக்கு வழிபாடாக இருந்தது யானையின் கண்ணுக்குக் குப்பையாகப்பட்டது. அச்சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்து, யானை ஏறமுடியாத மாடக்கோயில்கள் பல எடுத்தான் என்பர். நம் சமய இலக்கியம் சிலந்தி ஒன்றை அரசனாகவும் அடியாராகவும் உயர்த்தியது. அது வேண்டிய இடத்தில், வேண்டியவாறு வலை பின்னியமையால். பிறர் அடைத்த பெட்டிக்குள் அத்தொண்டு நிகழ்ந்திருக்குமா?

ஓர் உயிரைக் கண்டு அஞ்சிக் கொல்பவன் அதனை அறியாதவன். அதனை அடைத்துவைத்து மகிழ்பவன் பாதி அறிந்தவன். கொல்லாமலும் கொள்ளாமலும், அதன் இடத்தில் அதனை இருக்கவிட்டுப் பார்க்கப் பழகுவதே நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க அறிவு. அப்பழக்கத்தை அவர்கள் எந்த ஊருக்கு மாற்றலாகிச் சென்றாலும் உடன்கொண்டு செல்லலாம்.